இடுப்புக்கயிறு எட்டும் தூரம்

1

நேற்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் காலை ரயிலில் ஓர் அசட்டுக் காரியம் செய்தேன். எதிர்ப் பலகையில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மூத்தது, மூன்று வயதிருக்கும், சன்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ரப்பர் மரங்கள் ஓடுவதை வேடிக்கை பார்த்தது. வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது. அவ்வளவுதான். என் கை தானாக நீண்டு, அந்தப் பிள்ளையின் பாவாடை நாடாவைப் பிடித்து, என் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

"என்னங்க பண்றீங்க? எம்பிள்ளைய எதுக்குக் கட்டுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? "பழக்கம்மா" என்றேன். என்ன பழக்கம் என்று அவள் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, பிள்ளையை அந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பத்து தீகா தாண்டி, பெட்டாலிங் தாண்டி, பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே வீடுகள் கண்ணில் படும்வரை எனக்கு முகம் காந்திக்கொண்டே வந்தது.

நாகப்பட்டினத்தில் இருக்கும் உங்களுக்கு இது புரிய வேண்டுமானால் நான் படகிலிருந்து தொடங்க வேண்டும். கடல் கடந்து போனவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கோ தண்டவாளத்துக்கோ போனார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் கடலைக் கடந்து, கடலிலேயே நின்றுவிட்டவர்கள்.

2

என் வீட்டுக்காரரின் தகப்பனார் தோணித் தண்டல், அதாவது தோணியைச் செலுத்துகிறவர். மகனான இவர், என் வீட்டுக்காரர், பினாங்குக்கு வந்து கூலிக்குப் பாய் இழுத்து, பிறகு ஒரு சீனரிடமிருந்து இரட்டைப் பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கினார். வாங்கிய கையோடு என்னை ஊரிலிருந்து வரவழைத்தார். நான் கப்பலிலிருந்து இறங்கி, "வீடு எங்கேங்க?" என்று கேட்டேன். துறைமுகத்தில் ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டி, "அதோ" என்றார். முதல் மாதம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேச வாய் திறந்தால் வாந்தி வந்தது.

பிறகு பழகிவிட்டது. வெங்காயம், மிளகாய், கருவாடு, கரி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், மலாக்கா என்று கரையை ஒட்டியே போவோம், வருவோம். பாயின் நிழலில் சமைத்தேன். பாயின் நிழலிலேயே பிள்ளை பெற்றேன். மூத்தவள் காவேரி, பங்கோர் தீவைத் தாண்டிக் காற்று விழுந்து நின்ற ஒரு மத்தியானத்தில் பிறந்தாள். அடுத்தவன் தங்கராசு, மலாக்காவுக்கு வெளியே. காற்று இல்லாத நாட்களில் கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும். எந்தத் திசையைப் பார்த்தாலும் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாங்கள் நால்வரும் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அந்த நாட்களில் எனக்கு எதுவும் குறையாக இருந்ததில்லை.

படகுப் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிறு உண்டு. தவழத் தொடங்கிய அன்று கட்டுவோம். ஒரு முனை பிள்ளையின் இடுப்பில், மறுமுனை பாய்மரத்தில். படகின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் கயிறு முடிந்துவிடும். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பிள்ளை நீந்தக் கற்றுக்கொண்ட அன்று கயிற்றை அறுத்துவிடுவோம். அறுப்பது தாயின் வேலை. தகப்பன் கத்தியைத் தொடக்கூடாது. இது இவர் குடும்பத்து வழக்கம். பெற்றவளுக்குப் பயம் போன பிறகுதான் கயிறு போகவேண்டும் என்பார்கள். காவேரிக்கு ஐந்து வயதில் நான் அறுத்தேன். பயம் போய்விட்டதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. போகவில்லை.

3

காவேரிக்கு எட்டு வயதானபோது படகின் அடிப்பலகையைப் புழு தின்றுவிட்டது. உப்புத் தண்ணீரில் இருக்கும் அந்தப் புழு மரத்தை உள்ளே உள்ளேயே அரித்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. கிள்ளான் ஆற்றில் நீர் ஏறும் நேரம் பார்த்து உள்ளே வந்து, கம்பம் என்று இங்கே சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தின் ஓரமாகச் சேற்றில் படகைச் சாய்த்தோம். அந்தக் கம்பத்தில் படகுத் தச்சர் ஒருவர் இருந்தார், பாக் டோலா என்பார்கள். அவர் ஒரு குச்சியால் பலகையைக் குத்தினார். குச்சி மாவில் இறங்குவது போல இறங்கியது.

நாங்கள் சேற்றில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றபோது பாக் டோலாவின் மனைவி மாக் லிமா ஒரு சட்டியில் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அவள் பாஷை கடைவீதியில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும். அவளுக்கு என் பாஷை அதுவும் தெரியாது. சாய்ந்து கிடந்த படகில் தங்கராசு கயிற்றோடு உட்கார்ந்து மீன் முள்ளைச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள், முடிச்சை இழுத்துப் பார்த்தாள், பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

"பாகுஸ்" என்றாள். நல்லது என்று பொருள்.

 மறுநாள் எங்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் குடிவைத்தாள். மூங்கில் தரைக்கடியில் ஆற்று நீர் ஏறும், இறங்கும். அந்தச் சத்தத்தில் நான் கண்மூடினால் படகில் இருப்பது போலவே இருக்கும். எழுந்து நின்றால் மட்டும் தரை ஆடும். கடலில் ஆடாத எனக்குக் கரையில்தான் தலைசுற்றல்.

அடிப்பலகைக்கு, மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் உறுதியான மரம் வேண்டும். கிள்ளானில் நல்லது கிடைக்கவில்லை. கோலாலம்பூருக்கு அப்பால் சாலாக் செலாத்தான் பக்கத்து மரவாடி ஒன்றில் இருப்பதாகப் பாக் டோலா சொன்னார்.

"எல்லாருமே போவோம். பிள்ளைங்க ரயிலு பாக்கட்டும்" என்றார் இவர்.

4

ரயிலில் ஏறியதும் இவர் என்ன செய்தார் தெரியுமா? மூட்டையைப் பலகைக் காலோடு சேர்த்துக் கட்டினார். தண்ணீர்ப் பானையை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். தங்கராசின் கயிற்றைச் சன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, ரயிலு கவுந்துராதுண்ணே" என்றார்.

"காத்து மாறினா?" என்று கேட்டார் இவர், வேடிக்கையாக இல்லை, நிசமாகவே.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் சட்டையில் விழுந்தது. பெயர் சடையப்பன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், வண்டி தடம் மாறத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. கிள்ளானில் சொந்தக்காரர் வீட்டுக் காரியம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் இவரிடம் கடலைப் பற்றிக் கேட்டார். வெளியே ரப்பர்க் காடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிழல், நடுநடுவே ஈயம் தோண்டிய குளங்களில் வானம். எனக்குத் தூக்கம் சொக்கியது. கரை முழுவதும் பின்னால் போக, நாங்கள் மட்டும் காற்று இல்லாத கடலில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது சடையப்பன் எங்கள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"மரம் வர்றவரைக்கும் எங்க வீட்டுல இருங்கண்ணே. பிரிக்பீல்ட்ஸ்லதான் குவாட்டர்ஸு. எம்பொஞ்சாதி ஒண்ணும் சொல்ல மாட்டா."

பொஞ்சாதி ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எந்த ஆண்பிள்ளை சொன்னாலும் நம்பாதீர்கள்.

5

மறுநாள் காலையில் ஆண்கள் மரவாடிக்குப் போனதும், நான் தங்கராசை வாசல் தூணில் கட்டிவிட்டுத் தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் அங்கே கூடியிருக்கிறார்கள். நடுவில் சடையப்பன் மனைவி அஞ்சலை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஏம்மா, இது பிள்ளையா, கன்னுக்குட்டியா?"

"தண்ணியில விழுந்துருவான்."

"இங்க ஏதுடி தண்ணி? கொழாயில விழுந்து சாவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாஷை ஒரு வார்த்தை தெரியாத மாக் லிமாவுக்கு ஒரு பார்வையில் புரிந்தது, என் பாஷை பேசுகிறவர்கள் கூடி நின்று சிரிக்கிறார்கள். "உங்க வீட்டுக்குப் பின்னால ரயிலு ஓடுதே, அதுல பிள்ளைங்க அடிபட மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அஞ்சலையின் முகம் மாறியது. குனிந்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிக் கூரைமேல் எறிந்தாள்.

தங்கராசு நடந்தான். முற்றத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு போனான். போனவன் சட்டென்று நின்றுவிட்டான். கோழி அவனுக்கு இரண்டடி முன்னால் கொத்திக்கொண்டிருந்தது. கை நீண்டது, உடம்பு சாய்ந்தது, கால் மட்டும் எடுக்கவில்லை. கயிறு இருந்தால் எங்கே முடிந்திருக்குமோ, அங்கே நின்றான். இடது பக்கம் போய்ப் பார்த்தான், அங்கேயும் அதே தூரத்தில் நின்றான். தூணைச் சுற்றி வட்டமாக வந்தான். இடுப்பில் ஒன்றும் இல்லை.

சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.  இவனை இடுப்பில்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தேனே, எங்கே கட்டி வைத்திருக்கிறேன் என்று எண்ணி எனக்கு அழுகை வந்தது. அஞ்சலை என் குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அழாத. நானும் எம்பிள்ளைங்களக் கட்டித்தான் வெச்சிருக்கேன். நீ கயித்துல கட்டுன, நான் சத்தம் போட்டே கட்டுறேன். அவங்கப்பா வேலை பாக்குற ரயிலு லயனுப் பக்கம் ஒண்ணாவது போயிருக்குதான்னு கேளு."

அன்றைக்கு அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். இன்றுவரை அவள்தான் எனக்கு அக்கா. ஊரில் கூடப் பிறந்தவளிடம்கூட நான் அவ்வளவு வாய் காட்டியதில்லை.

6

அஞ்சலையக்காவின் மகள் பாக்கியம், காவேரி வயது. காலையில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரே அறை, ஒரே வாத்தியார். மரம் அறுத்து வர நாளாகும் என்றதும் காவேரியும் கூடவே போய் வந்தாள். சும்மா உட்காரவிட மாட்டேன், பதிவு செய்யவேண்டும் என்று வாத்தியார் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பொறந்த ஊரு?"

"கடலுங்க" என்றார் இவர்.

"கடல்ல எந்த எடம்?"

"பங்கோரத் தாண்டி, காத்து விழுந்து, நாங்க பாய எறக்கின எடம்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, இப்ப வீடு எங்க?"

"இப்ப சேத்துல இருக்குங்க. அடுத்த பௌர்ணமி அலைக்கு மெதந்துரும்."

மேலதிகாரி வந்து பார்த்தால் தன் வேலை போய்விடும் என்று வாத்தியார் புலம்ப, கூட வந்த அஞ்சலையக்கா குறுக்கே புகுந்தாள். "எங்க வீட்டு நம்பரப் போடுங்க வாத்தியாரே. பிள்ள அங்கதான சாப்புடுது." அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்திக்கு விலாசம் கிடைத்தது. நான் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டேன். காவேரி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மரம் வந்தது. இவர் முன்னால் கொண்டுபோய்ப் பாக் டோலாவோடு பலகை அடித்து, தார் பூசி, படகு தயார் என்று ஆள் சொல்லியனுப்பினார். எங்களை அழைத்துப்போக வந்தபோது காவேரி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அதட்டியிருப்பேன், காரியம் முடிந்திருக்கும்.

"இங்கயே விட்டுட்டுப் போ" என்றாள் அஞ்சலையக்கா. "எம்பிள்ளைங்க ரெண்டுக்கு வடிக்கிற சோறு மூணுக்குப் பத்தும். உங்க போட்டு கிள்ளானுக்கு வர்றப்பல்லாம் வந்து பாரு."

"எம்பொண்ண எதுக்கு விடணும்? என்னால முடியாது" என்றேன்.  இவரைப் பார்த்தேன். இவர் முகட்டைப் பார்த்தார்.

"கயிறு அறுக்குறது ஒன் வேலை. நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அப்போதுதான் காவேரி வாய் திறந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"எனக்குத்தான் எப்பவோ அறுத்துட்டியேம்மா."

வாசலில் தங்கராசு விளையாடிக்கொண்டிருந்தான். அத்தனை நாளாகியும் அவன் தூணிலிருந்து அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை. பாக்கியம் பந்தை அப்பால் உருட்டினால் அங்கேயே நின்று அவள் எடுத்துத் தரும்வரை காத்திருப்பான். நான் அவனைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். 

7

ரயில் கிளம்பியபோது காவேரி மேடையில் ஓடிவருவாள் என்று நினைத்தேன். ஓடி வந்து, மேடை முடியும் இடத்தில் நிற்பாள், நான் கையை ஆட்டுவேன் என்று மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் சன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் ஓடவில்லை. வண்டி நகர்ந்த உடனே பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். கிள்ளான் வரும்வரை அழுதேன். மாக் லிமா ஆற்றங்கரையில் நின்றுகொண்டு எங்களை எண்ணினாள், மூவர்தான் என்று கண்டதும் என் தலையைத் தடவினாள்.

அதன்பிறகு கடல் வேறாகிவிட்டது. காற்று இல்லாத மத்தியானங்களில் எதிரே வானமும் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கும், நான் கரை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பேன். கிள்ளானுக்கு வரும்போதெல்லாம் காவேரி ஒரு விரற்கடை வளர்ந்திருப்பாள். விடுமுறையில் படகுக்கு வந்தாள். கடலில் பிறந்தவள், பாய் விரித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். "கருவாட்டு நாத்தம் தாங்கலம்மா" என்றாள். நான் சிரித்தேன். பிறகு பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

லாரிகள் வந்தபின் படகுக்குச் சரக்கு குறைந்தது. விற்றுவிட்டு, மாக் லிமா வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியேறினோம். பாக் டோலா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகனோடு இவர் படகுக்குப் பலகை அடிக்கிறார். தங்கராசு துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், என்னோடு பாதி மலாயில், பாதி இங்கிலீஷில் பேசுகிறான். தெருவில் நடக்கும்போது காரணமில்லாமல் நின்றுவிடுவான். மற்றவர்கள் அவனை ஆழ்ந்த யோசனைக்காரன் என்கிறார்கள். நான் பக்கத்தில் தூண் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

காவேரி அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அஞ்சலையக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடித்தனம்.

8

நேற்று காவேரி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே ரயிலில் நடந்த அசட்டுத்தனத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை, அந்தம்மா போலீஸக் கூப்புடல" என்றாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது. இத்தனை வருஷமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு ரயிலு கெளம்பினப்ப ஒருதடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல?"

டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அது மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

"பாத்திருந்தா நீ எறங்கியிருப்பம்மா. ஒன்ன எனக்குத் தெரியாதா? நீ எறங்கினா, இங்கயே இருக்கேன்னு நான் கெஞ்ச மாட்டேன், கூடவே வந்துருவேன். அதான் பாக்கல. பாக்கியம் கையப் புடிச்சு நசுக்கிட்டேன், அவளக் கேளு."

எட்டு வயது அப்போது அவளுக்கு.

சாயங்காலம் என்னை வண்டியேற்ற வந்தாள். எப்போதும் வண்டி நகரும் முன்பே, "பள்ளிக்கூட வேலை கெடக்கும்மா" என்று போய்விடுவாள். நேற்று போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நின்னு பாக்கப் போறேன். எறங்கிற மாட்டியே?"

"போடி" என்றேன்.

வண்டி நகர்ந்தது. அவள் அங்கேயே நின்றாள், கையை ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். மேடை மெல்லப் பின்னால் போயிற்று, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூரைகள் போயின, ஈரத் துணிகள் தொங்கும் முற்றங்கள் போயின. அவள் ஒரு புள்ளியாகும்வரை தெரிந்தாள்.

நான் இறங்கவில்லை. எழுந்து கதவுவரை போய், அங்கே நின்றுவிட்டேன்.